கவனம் நிலைக்காத பிள்ளைகள்: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

சென்ற இதழில் இந்தப் பகுதியில் ஏ.டி.ஹெச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாட்டைப் பற்றிச் சுருக்கமாக எழுதியிருந்தேன். ஒன்றில் மனத்தை நிறுத்த முடியாமலோ, ஓர் இடத்தில் அமைதியாக இருக்க முடியாமலோ தவிப்பதுதான் இந்தக் குறைபாடு. அதைப் படித்துவிட்டுக் காரைக்குடியிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் எழுதியவர்களின் கடிதங்களில் ஐந்தை எடுத்துக்கொண்டு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கானாடுகாத்தானிலிருந்து ஓர் அப்பத்தா: டாக்டரம்மா, என் பேரனுக்கு எட்டு வயது. மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். மருமகளும் பேரனும் என்னோடு இருக்கிறார்கள். பேரன் காலையில் எழுந்ததிலிருந்து முகப்புக்கும் கடைசிக் கட்டுக்குமாக ஓடிக்கொண்டே இருக்கிறான். சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு வாய்க்கு மேல் இலையில் தங்குவதில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வாரம் ஒரு புகார் வருகிறது. மதுரையில் காட்டியதற்கு ஏ.டி.ஹெச்.டி. என்று சொல்லிவிட்டார்கள். இவன் அப்பச்சியும் சின்னதில் இப்படித்தான் இருந்தான், என் மகனைத்தான் சொல்கிறேன். அவனைத் தூணில் கட்டிப்போட்டு, அடித்து வளர்த்தோம். இப்போது நன்றாகத்தானே இருக்கிறான்? எங்கள் காலத்தில் இப்படி ஒரு நோயைக் கேள்விப்பட்டதே இல்லை. மருமகள் செல்லம் கொடுத்து, போனைக் கையில் கொடுத்துப் பிள்ளையைக் கெடுத்துவிட்டாள் என்று நினைக்கிறேன். நான் நினைப்பது தவறா?

ஆச்சி, உங்கள் கேள்விக்கான பதிலில் பாதியை உங்கள் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள். "இவன் அப்பச்சியும் சின்னதில் இப்படித்தான்" என்ற அந்த ஒரு வரியை நான் இரண்டு முறை படித்தேன். இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகள், இந்தக் குறைபாடு ஒருவருக்கு இருப்பதற்கும் மற்றொருவருக்கு இல்லாமல் போவதற்கும் உள்ள வேறுபாட்டில் 70 முதல் 80 விழுக்காடு பரம்பரையைச் சார்ந்தது என்று காட்டுகின்றன. உயரம் வழிவழியாக வருவதைப் போல இதுவும் குடும்பத்தில் இறங்கி வருகிறது. குறைமாதத்தில் பிறப்பது, மிகக் குறைந்த எடையில் பிறப்பது போன்றவையும் வாய்ப்பைக் கூட்டும். வளர்ப்பினால் இது உண்டாவதில்லை. ஆகவே உங்கள் மருமகள் மீது இந்தப் பழியைச் சுமத்த மருத்துவத்தில் இடமில்லை. கணவர் அருகில் இல்லாத நிலையில், ஒரு நிமிடம் உட்காராத பிள்ளையை நாள் முழுக்கத் துரத்திக்கொண்டிருக்கும் அந்தப் பெண்ணுக்கு இப்போது உங்கள் துணைதான் முதலில் வேண்டும். போன் இதற்குக் காரணமாகாது. ஆனால் இரவில் போன் பார்த்துத் தூக்கம் கெட்டால் மறுநாள் கவனம் இன்னும் மோசமாகும் என்பதால், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அது பெரியவர்களின் பெட்டியில் இருக்கட்டும்.

உங்கள் காலத்திலும் இது இருந்தது, பெயர்தான் இல்லை. 1798-லேயே அலெக்சாண்டர் கிரைட்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், ஒன்றில் மனத்தை நிறுத்த முடியாமல் பிறவியிலிருந்தே தவிக்கும் பிள்ளைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். 1902-இல் ஜார்ஜ் ஸ்டில் என்பவர் லண்டனில் மருத்துவர்கள் கூடிய அவையில் இத்தகைய பிள்ளைகளை வரிசையாக விவரித்தார். நம் பக்கத்தில் அந்த நாளில் படிப்பு ஏறாத பையனைக் கடல் கடந்த வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாக, கப்பலேற்றி அனுப்பியதுண்டு. அங்கே அடுத்தாள் என்ற மூத்த பணியாளர் பக்கத்திலேயே இருந்து சிறுசிறு வேலையாகக் கொடுத்தார். செய்ததை அன்றன்றே பார்த்தார். அப்படி அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் இந்தப் பிள்ளைகளாக இருந்திருப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. அந்த ஏற்பாடு அவர்களுக்குப் பொருந்தியிருக்கும். அது எப்படி என்பதைச் சொல்கிறேன்.

உங்கள் பேரனுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும், கேட்டால் ஒப்பிப்பான். தெரிந்ததை, செய்ய வேண்டிய அந்த நொடியில் செய்ய அவனால் முடிவதில்லை. நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதிதான் நம்மைத் தடுத்து நிறுத்துவது, காத்திருக்கச் செய்வது, அடுத்து எது என்று நினைவூட்டுவது ஆகிய வேலைகளைப் பார்க்கிறது. 2007-இல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தார் வெளியிட்ட ஆய்வில், மற்றப் பிள்ளைகளுக்குச் சராசரியாக ஏழரை வயதில் மூளையின் மேலடுக்கான புறணி எட்டும் ஒரு வளர்ச்சிக் கட்டத்தை இந்தப் பிள்ளைகள் பத்தரை வயதில்தான் எட்டினார்கள் என்றும், அந்தத் தாமதம் முன்பகுதியில்தான் அதிகம் என்றும் கண்டார்கள். அறிவு எட்டு வயதுக்கு உரியதாகவே இருக்கும். தன்னைக் கட்டுப்படுத்தும் திறன் மட்டும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு உரியதாக இருக்கும். ஐந்து வயதுப் பிள்ளையைத் தூணில் கட்ட உங்களுக்கு மனம் வராது அல்லவா? அடி, பிள்ளையை அந்த நேரத்துக்கு அசையாமல் நிறுத்தும். அடுத்த முறை நிற்பதற்கான திறனை அது வளர்க்காது. உங்கள் மகன் நன்றாக வந்தது அடியால்தானா, அடியையும் மீறியா என்று ஒரு நாள் அவரிடமே பேசிப் பாருங்கள். சிங்கப்பூரிலிருந்து அழைக்கும்போது கேட்கலாம். அவர் சொல்லும் பதில் உங்கள் பேரனுக்கு உதவும்.

வீட்டில் செய்ய வேண்டியது இதுதான். "போய்ப் பல்லை விளக்கிவிட்டு, குளித்து, சட்டையை மாட்டிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு வா" என்று பட்டாலையிலிருந்து நீங்கள் குரல் கொடுக்கிறீர்கள். அதில் நான்கு வேலைகள் இருக்கின்றன. அவன் வளவைத் தாண்டுவதற்குள் தூணோரத்தில் ஓர் அணில் ஓடுகிறது, நான்கும் போய்விட்டன. அருகில் போய்த் தோளைத் தொட்டு, அவன் உங்கள் முகத்தைப் பார்த்த பிறகு, "பல்லை விளக்கு" என்று ஒன்றை மட்டும் சொல்லுங்கள். முடிந்ததும் அந்த இடத்திலேயே பாராட்டி, ஒரு புளியங்கொட்டையைச் சின்ன ஓலைக் கொட்டானில் அவன் கையாலேயே போடச் சொல்லுங்கள். பத்துக் கொட்டை சேர்ந்தால் உங்களோடு ஓர் ஆட்டம் பள்ளாங்குழி, இருபது சேர்ந்தால் அவன் கேட்கும் பலகாரம் என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்ற வாக்கு இந்தப் பிள்ளைகளிடம் வேலை செய்யாது. அவர்களுக்கு மாதக் கடைசி என்பது கண்ணுக்கெட்டாத தூரம். ஒருமுறை போட்ட கொட்டையைக் கோபத்தில் திரும்ப எடுக்காதீர்கள். நீங்களும் மருமகளும் ஒரே விதியைக் கடைப்பிடியுங்கள். அம்மா மறுத்ததை அப்பத்தா கொடுத்தால் மூன்றே நாளில் எல்லாம் கலைந்துவிடும்.

காரைக்குடியிலிருந்து ஒரு தாய்: பத்து வயது மகனுக்கு மெதில்ஃபெனிடேட் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மருந்துக் கடையில் சீட்டைக் காட்டியபோது, "இது கட்டுப்பாடு உள்ள மருந்து, எல்லா இடத்திலும் கிடைக்காது" என்றார்கள். அதைக் கேட்டதும் கை நடுங்கிவிட்டது. உறவுக்காரர்கள் போதை மருந்து என்கிறார்கள். இரண்டு வாரமாகக் கொடுக்கிறேன். ஆசிரியர் மகிழ்ச்சி அடைகிறார், ஆனால் மதியச் சாப்பாடு அப்படியே திரும்பி வருகிறது. நிறுத்திவிடலாமா?

சகோதரி, நீங்களாக நிறுத்த வேண்டாம். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் இந்த வாரமே பேசுங்கள். சோற்று டப்பா திரும்பி வரும் செய்தியை அவர் அறிய வேண்டும்.

அந்தப் பெயர் நம் நாட்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் பட்டியலில் இருப்பது உண்மைதான். தேவையில்லாதவர்கள் தவறான வழியில், அதிக அளவில் பயன்படுத்தினால் தீங்கு உண்டு என்பதால்தான் அந்தக் கட்டுப்பாடு. மருத்துவர் சொன்ன அளவில், வாய்வழியாக, கண்காணிப்போடு எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் இதற்கு அடிமையாவதில்லை. இதை எடுத்துக்கொண்டவர்கள் வளர்ந்த பிறகு போதைப் பழக்கத்துக்கு ஆளாவது கூடுவதாகவும் நீண்டகால ஆய்வுகள் காட்டவில்லை. 1944-இல் சுவிட்சர்லாந்தில் உருவாக்கப்பட்ட இம்மருந்து எழுபது ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. பிள்ளைகளுக்கான மருந்துகளில் மிக அதிகமாக ஆராயப்பட்டவற்றுள் இதுவும் ஒன்று.

இது மயக்கிப் படுக்கவைக்கும் மருந்து என்று பலர் எண்ணுகிறார்கள். மூளையின் நரம்பு முனைகளில் டோபமின், நார் அட்ரினலின் என்ற இரண்டு வேதிப்பொருள்கள் சுரந்தவுடன் திரும்ப உறிஞ்சப்படுவதை இது தடுத்து, அவை சற்று நேரம் கூடுதலாக வேலை செய்யும்படி விடுகிறது. அதனால் முன்மூளை விழித்துக்கொள்கிறது. பிள்ளை தானே தன்னை நிறுத்திக்கொள்கிறான். மருந்து சாப்பிட்ட பிள்ளை பொம்மையைப் போல் சோர்ந்து, சிரிப்பில்லாமல் இருந்தால் அது மருந்தின் நோக்கம் ஆகாது. அளவு கூடிவிட்டது அல்லது மருந்து பொருந்தவில்லை என்று பொருள், உடனே சொல்ல வேண்டும்.

பசி குறைவது இதில் பரவலாகக் காணப்படும் பக்கவிளைவு. சாதாரண மாத்திரை ஏறக்குறைய நான்கு மணி நேரமும், மெதுவாகக் கரையும் வகை எட்டு மணி நேரத்துக்கு மேலும் வேலை செய்யும். ஆகவே காலை உணவை மாத்திரைக்கு முன்பே, அவசரப்படுத்தாமல், வயிறு நிறையக் கொடுத்துவிடுங்கள்: நெய் ஊற்றிய பொங்கலோ, முட்டையோடு தோசையோ, அவனுக்குப் பிடித்தது எதுவானாலும் சரி. மதியம் தயிர்ச் சோறு நாலு வாய் போனால் போதும் என்று விடுங்கள், வற்புறுத்த வேண்டாம். மருந்தின் வேகம் தணியும் மாலையில் பசி திரும்பும். அந்த நேரத்தில் பிஸ்கட்டைக் கொடுத்து அடைக்காமல் முழுச் சாப்பாடாகவே கொடுங்கள். ஒவ்வொரு மாதமும் எடையை எழுதிவையுங்கள். உயரம், இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு ஆகியவற்றை மருத்துவர் அவ்வப்போது அளக்க வேண்டும். தூக்கம் தள்ளிப்போவது, தலைவலி, வயிற்றுவலி ஆகியவையும் சிலருக்கு வரும். பெரும்பாலும் அளவையோ நேரத்தையோ மாற்றினால் குறைந்துவிடும். குடும்பத்தில் யாருக்காவது சிறு வயதில் இதய நோயோ திடீர் மரணமோ இருந்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

இந்த மருந்து பத்தில் ஏழு பிள்ளைகளுக்கு நன்றாகப் பயன்படுகிறது. பொருந்தாதவர்களுக்கு அடோமாக்சடின் போன்ற வேறு வகை மருந்துகள் உண்டு. அவற்றின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை என்றால் மருந்துக்கு முன்பாகப் பெற்றோருக்கான பயிற்சியைத்தான் தொடங்க வேண்டும். உங்கள் மகனுக்குப் பத்து வயது; மருந்தோடு, நான் கானாடுகாத்தான் ஆச்சிக்கு எழுதிய முறைகளையும் சேர்த்துச் செய்யுங்கள். மாத்திரை அவனை உட்காரவைக்கும். எதை எப்படிச் செய்வது என்பதை நீங்கள்தான் பழக்க வேண்டும்.

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆசிரியை: என் ஆறாம் வகுப்பில் ஒரு மாணவி. சேட்டை இல்லை, சத்தம் இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். கரும்பலகையில் எழுதிப்போட்டதில் பாதியைத்தான் எழுதியிருப்பாள். வீட்டுப்பாட நோட்டை வாரத்தில் மூன்று நாள் மறந்துவிடுவாள். கேள்வி கேட்டால் சரியான பதில் சொல்கிறாள். இவளுக்கும் இது இருக்குமா?

ஆசிரியை அவர்களே, இந்தக் கடிதத்தை எழுதியதற்காக உங்களுக்கு நன்றி சொல்கிறேன். பெஞ்சின் மீது ஏறும் பையனை எல்லோரும் மருத்துவரிடம் அனுப்புகிறார்கள். ஜன்னலோரத்துப் பெண்ணை யாரும் அனுப்புவதில்லை. இக்குறைபாட்டில் ஓட்டமும் அவசரமும் இல்லாமல் கவனக்குறைவு மட்டும் மேலோங்கிய வகை ஒன்று உண்டு. பெண் பிள்ளைகளிடம் பெரும்பாலும் இதையே காண்கிறோம். "மந்தம்", "கனவு காண்கிறாள்" என்ற பட்டத்தோடு அவர்கள் பத்தாம் வகுப்பு வரை வந்து, அங்கே பாடச் சுமை கூடும்போது சரிந்துவிடுகிறார்கள்.

ஆனால் பெயர் சூட்டுவதற்கு முன் வேறு சிலவற்றை விலக்க வேண்டும். அவள் அப்படி வெறித்துப் பார்க்கும்போது அருகில் சென்று, பெயரைச் சொல்லி, கையைத் தொடுங்கள். உடனே திரும்பினால் அது எண்ண ஓட்டம். தொட்டும் சில நொடிகள் திரும்பாமல், இமை மட்டும் துடித்து, பிறகு எதுவுமே நடக்காததுபோல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். அந்த வலிப்பில் பிள்ளை கீழே விழாது, கைகால் இழுக்காது; அதனாலேயே வகுப்பில் எவர் கண்ணிலும் படாமல் ஒரு நாளில் பல முறை வந்து போகும். மூளை மின்பதிவு எடுத்தால் தெரிந்துவிடும்; சிகிச்சையும் வேறு. கண்பார்வையையும் காதையும் சோதிக்கச் சொல்லுங்கள். இரத்தசோகை, தைராய்டு, மூக்கடைப்பினால் இரவில் குறட்டை விட்டுத் தூக்கம் கெடுவது, வீட்டில் ஏதேனும் துயரம் ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரும். எழுதுவதில் மட்டும் தடுமாறினால் கற்றல் குறைபாடும் கூடவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இக்குறைபாடு உள்ளவர்களில் பாதிப் பேருக்கு மேல் இன்னொரு சிக்கலும் சேர்ந்தே இருக்கும்.

முடிவு தெரியும் வரை காத்திருக்காமல் நாளைக்கே செய்யக்கூடியவை உண்டு. அவளை ஜன்னலுக்கு எதிர்ப்புறம், முன் வரிசையில், நன்றாக எழுதும் ஒரு பிள்ளையின் பக்கத்தில் அமர்த்துங்கள். பத்துக் கணக்கைக் கொடுக்காமல் மூன்றைக் கொடுத்து, முடித்ததும் கொண்டுவந்து காட்டச் சொல்லி, பிறகு அடுத்த மூன்றைக் கொடுங்கள். கவனம் போனது தெரிந்தால் பெயர் சொல்லி அழைத்து வகுப்பே திரும்பிப் பார்க்கும்படி செய்யாமல், நடந்துபோகிற போக்கில் மேசையை விரலால் தொட்டுவிட்டுப் போங்கள். அது உங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த குறிப்பாக இருக்கட்டும். மாலை மணி அடிக்கும் முன் வீட்டுப்பாட நோட்டு பைக்குள் போனதை ஒருமுறை பாருங்கள். எழுதி முடிக்கவில்லை என்பதற்காக விளையாட்டு வகுப்பை வெட்டாதீர்கள். உடலசைவுக்குப் பின் இந்தப் பிள்ளைகளுக்குக் கவனம் கூடும்.

ஆத்தங்குடியிலிருந்து ஓர் இளைஞர்: வயது 31. தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் பட்டறையில் வேலை செய்கிறேன். கண்ணாடியில் அச்சை வைத்து வண்ணம் ஊற்ற ஆரம்பித்தால் சாப்பாடு கூட நினைவுக்கு வராது. கை ஒரு கோடு பிசகாது. ஆனால் எந்த வீட்டுக்கு எத்தனை கல், எந்தத் தேதிக்கு என்பது தலையில் நிற்பதே இல்லை. வங்கித் தவணையை மறந்து அபராதம் கட்டுகிறேன். வண்டிச் சாவியை மாதம் ஒருமுறை தொலைக்கிறேன். என் மகனுக்கு இந்தக் குறைபாடு என்றார்கள். அவர்கள் கேட்ட கேள்விகள் எல்லாம் என்னைப் பற்றிக் கேட்பதுபோல் இருந்தன. இவ்வளவு கவனமாக வேலை செய்யும் எனக்கு எப்படி இருக்கும்?

தம்பி, "கவனக்குறைவு" என்ற பெயர் உங்களைக் குழப்பிவிட்டது. கவனம் உங்களிடம் இருக்கிறது. வேண்டிய நேரத்தில் வேண்டியதன் மீது அதைத் திருப்புவதுதான் முடியவில்லை. வண்ணச் சாந்தை ஊற்றியதும் அது அச்சின் கட்டத்துக்குள் பரவுவதை அங்கேயே பார்க்கிறீர்கள். பிசகினால் அந்த நொடியிலேயே தெரிகிறது. அச்சைத் தூக்கியதும் பூ கண்முன் நிற்கிறது. உடனுக்குடன் பலன் தெரியும் வேலையில் இக்குறைபாடு உள்ளவர்கள் மற்றவர்களை விட ஆழமாக மூழ்குவதுண்டு. வங்கித் தவணையோ இருபது நாளுக்கு அப்பால் இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, உருவமும் இல்லை. மணிக்கணக்கில் போன் விளையாட்டு ஆடும் பிள்ளையைப் பார்த்து, "இதற்கு மட்டும் எப்படிக் கவனம் வருகிறது, எல்லாம் சோம்பல்" என்று பெற்றோர் சொல்வதற்கும் இதுதான் பதில்.

பெரியவர்களுக்கும் இது உண்டு. உலக அளவில் பிள்ளைகளில் ஏறத்தாழ 5 விழுக்காடு, பெரியவர்களில் ஏறத்தாழ 2.5 விழுக்காடு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 2013-இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் அளவுகோலின்படி, 17 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்குக் கவனக்குறைவுக்கான ஒன்பது அறிகுறிகளிலோ, மிகையியக்கத்துக்கான ஒன்பதிலோ குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஆறு. அவை ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, வீடு, வேலையிடம் என இரண்டு இடங்களிலாவது வாழ்க்கையைப் பாதிக்க வேண்டும். அவற்றுள் சிலவாவது 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். ஆகவே உங்கள் பழைய பள்ளி மதிப்பெண் அட்டை வீட்டில் இருந்தால் தேடி எடுங்கள். என்னிடம் வந்த ஒருவரின் தாயார் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த அட்டைகளில், இரண்டாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரை, ஆறு வெவ்வேறு கையெழுத்துகளில், "கவனம் போதாது" என்ற ஒரே குறிப்பு இருந்தது. அதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

மருத்துவரைப் பாருங்கள். அதுவரை, நினைவில் வைத்துக்கொள்வது என்ற வேலையைத் தலையிலிருந்து இறக்கிவிடுங்கள். கண்ணாடி வைக்கும் மேசைக்கு எதிரே ஒரு பலகையை மாட்டி, வீடு, கல் எண்ணிக்கை, தேதி மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். தவணை கணக்கிலிருந்து தானாகவே பிடிக்கப்படுமாறு வங்கியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். சாவிக்கு வாசலில் ஓர் ஆணி போதும். உள்ளே நுழைந்ததும் மாட்டாமல் காலைக் கழுவுவதில்லை என்று பழகுங்கள். வண்டி ஓட்டும்போது போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள், தலைக்கவசத்தை ஒரு நாளும் விடாதீர்கள். இக்குறைபாடு உள்ளவர்களுக்குச் சாலை விபத்து நேரும் வாய்ப்பு கூடுதல் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பள்ளத்தூரிலிருந்து ஒரு வாசகி: இனிப்பு சாப்பிடுவதால்தான் பிள்ளைகள் ஆடுகிறார்கள் என்று கந்தரப்பம், பணியாரம் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறார்கள். சரியா? இந்தக் குறைபாட்டுக்கு ஸ்கேன் எடுக்க வேண்டுமா, அருகில் எங்கே காட்டலாம்?

சர்க்கரை இதை உண்டாக்குவதில்லை. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் தெரியாமல் சர்க்கரையையும் சர்க்கரை இல்லாத இனிப்பையும் மாற்றிமாற்றிக் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் நடத்தையில் வேறுபாடு காணப்படவில்லை. பல்லுக்காகவும் எடைக்காகவும் அளவோடு கொடுங்கள். நோன்பு நாளில் மற்றப் பிள்ளைகள் சாப்பிடும்போது அவனுக்கு மட்டும் மறுக்க வேண்டாம். செயற்கை நிறம் சேர்த்த மிட்டாய்கள் சில பிள்ளைகளிடம் சிறிதளவு துருதுருப்பைக் கூட்டலாம் என்பதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

ஸ்கேனோ இரத்தப் பரிசோதனையோ எடுத்து இக்குறைபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது; வேறு நோயை விலக்க மட்டுமே அவை சில சமயம் வேண்டியிருக்கும். பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் விரிவாகக் கேட்டு, பிள்ளையோடு நேரம் செலவிட்டுத்தான் மருத்துவர் முடிவுக்கு வர வேண்டும். ஐந்து நிமிடத்தில் பெயர் சூட்டினால் இன்னொரு மருத்துவரிடமும் காட்டுங்கள். 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி, பிறப்பு முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக மாவட்டந்தோறும் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்கள் அமைக்கப்பட்டன. அங்கே சேவை இலவசம். நம் பகுதி சிவகங்கை, புதுக்கோட்டை ஆகிய இரண்டு மாவட்டங்களில் பரவியிருப்பதால், உங்கள் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். மனநலப் பிரிவும் அங்கேயே உண்டு. முதலில் பேசித் தெளிவு பெற விரும்பினால் டெலிமானஸ் என்ற அரசின் இலவசத் தொலைபேசி உதவியை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம்; தமிழில் பேசுவார்கள்.

போகும்போது மதிப்பெண் அட்டைகளையும், வகுப்பாசிரியர் எழுதிய ஒரு பக்கக் குறிப்பையும், வீட்டில் நடந்ததை இரண்டு வாரம் தேதியிட்டு எழுதிய நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். பிள்ளையைச் சிறு வயதிலிருந்து தூக்கி வளர்த்த ஆயாவோ அப்பத்தாவோ வீட்டில் இருந்தால் அவர்களையும் அழைத்துக்கொண்டு போங்கள். எப்போது நடந்தான், எப்போது பேசினான், அவன் அப்பச்சி எப்படி இருந்தார் என்று மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்கு அவர்களிடம்தான் பதில் இருக்கும்.